எழுதியவளின் ஆண்டுக் கணக்கு



டிசம்பர் வந்தால் கடைக்காரர் இருப்புக் கணக்கு எடுப்பார். அதிபர் இடாப்பைக் கூட்டிப் பார்ப்பார். கமக்காரருக்கு ஆண்டு முடிவது டிசம்பரில் அல்ல. காலபோக நெல் வீட்டுக்கு வந்து சேரும் மாசி, பங்குனியில்தான். நம்முடைய ஹிஜ்ரி ஆண்டு முஹர்ரத்தில் திரும்புகிறது. கதை எழுதும் ஒரு பெண்ணுக்கு ஆண்டு எப்போது முடிகிறது? முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி இந்தப் பக்கத்துக்கு எழுதிய கடிதம்தான் என்னை இப்படிக் கேட்க வைத்தது.

பேரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மூன்று பிள்ளைகளின் தாய். கணவர் வயல் செய்கிறார். பத்து வருடமாகச் சிறுகதை எழுதி வருகிறாராம். கடிதத்தோடு ஒரு றூல் கொப்பித் தாளையும் மடித்து வைத்திருந்தார். அதில் இவ்வருடக் கணக்கு இருந்தது. தொடங்கிய கதைகள் ஒன்பது. முடித்தவை நான்கு. அனுப்பியவை மூன்று. அச்சானது ஒன்று. வானொலியில் வாசிக்கப்பட்டது ஒன்று. மூன்றாவது போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. அடியில் சிவப்புப் பேனையால், "மௌலவி, ஒரு வருஷத்துக்கு இவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை இரவு கண் முழித்தேன்? விட்டுவிடலாமா?" என்று கேட்டிருந்தார்.

அந்தத் தாளை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். கூட்டுத்தொகையை விட, மாதங்களுக்கு நேரே அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள்தான் எனக்குப் பெரிதாகப்பட்டன. மாசிக்கு நேரே "நெல்" என்று ஒரே சொல். அறுவடை, சூடடிப்பு, ஆட்களுக்குச் சாப்பாடு என்று அந்த மாதம் முழுக்கப் போயிருக்கிறது. நோன்பு மாதத்துக்கு நேரே ஒரு கோடு. கஞ்சியும் ஸஹருமாக இருந்த வீட்டில் கதைக்கு எங்கே நேரம்? பிறகு "மூத்தவனுக்குச் சோதனை" என்று ஒரு குறிப்பு. பிறகு "மாமிக்கு ஆஸ்பத்திரி". முடித்த நான்கு கதைகளில் இரண்டு, குளத்தில் தண்ணீர் போதாமல் சிறுபோகம் செய்யாமல் விட்ட மாதங்களில் எழுதியவை. மற்ற இரண்டும் மாரி இரவுகளில். வயல் காய்ந்தபோது கதை விளைந்திருக்கிறது! வீட்டுக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

ஆக, அவர் கையில் இருந்தது பன்னிரண்டு மாதம் அல்ல. கூட்டிப் பார்த்தால் மூன்றரை மாதம். அதிலும் இஷாவுக்குப் பிறகான நேரம். மூன்றரை மாத இரவுகளில் நான்கு கதை என்று போட்டால் கணக்கு வேறு விதமாகத் தெரியும்.

இதற்கு உரைகல்லாக ஒருவரைச் சொல்கிறேன். வன்னி மண்ணில் சிறுகதை என்றால் முதலில் வாயில் வரும் பெயர்களில் ஒன்று தாமரைச்செல்வி. கிளிநொச்சி மாவட்டம் பரந்தன், குமரபுரத்தைச் சேர்ந்தவர். வயலும் வாய்க்காலும் கண்டு வளர்ந்த பெண். 1970களின் தொடக்கத்தில் இலங்கை வானொலி வழியாக எழுத வந்தார். பிறகு பத்திரிகைகளில் எழுதினார். 1977 இல் வீரகேசரிப் பிரசுரமாக அவருடைய 'சுமைகள்' நாவல் வெளிவந்தது. இன்றுவரை இருநூறுக்கு மேற்பட்ட சிறுகதைகள் எழுதியிருக்கிறார் என்கிறார்கள். பெரிய தொகைதான். ஆனால் அதை எழுத ஐம்பது ஆண்டுகள் சென்றன. வகுத்துப் பாருங்கள் சகோதரி. ஆண்டுக்கு நான்கு!

அதைவிட முக்கியமான இன்னொரு கணக்கும் உண்டு. 1970களில் எழுதத் தொடங்கியவரின் 'ஒரு மழைக்கால இரவு' என்ற சிறுகதைத் தொகுதி நூலாக வந்தது 1998 இல். இருபது வருடத்துக்கு மேல். அந்த இருபது வருடத்தில் என்னவெல்லாம் நடந்தன என்று வன்னியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் தடை அல்லது தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்த காலம். காகிதம் அரிது. வடக்கில் பத்திரிகைகளே பள்ளிக் கொப்பித் தாளில் அச்சாகின. 1995 ஒக்டோபர் முடிவில் யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து, அவர்களில் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தார்கள். 1996 இல் கிளிநொச்சி நகரமே ஊரைவிட்டு எழும்பியது. 1997 மே மாதம் வவுனியாவிலிருந்து வீதி திறக்கும் சண்டை தொடங்கி, அதன் வழியில் இருந்த ஊர்களும் காலியாகின. இதற்கு நடுவில்தான் ஒரு பெண் உலை வைத்து, பிள்ளை வளர்த்து, கதையும் எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த தொகுதிக்கு அவர் வைத்த பெயர் 'அழுவதற்கு நேரமில்லை'. 2002 இல் வந்தது. அந்தப் பெயரை வாசிக்கும்போதெல்லாம் நான் நம் வீட்டுப் பெண்களை நினைத்துக்கொள்வேன்.

காடு வெட்டிக் கழனியாக்கிய குடியேற்றக்காரரின் கதையை 'பச்சை வயல் கனவு' நாவலாக 2004 இல் தந்தார். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய், கடல் கடந்து அகதியாகப் போனவர்களைப் பற்றி 'உயிர்வாசம்' எழுதினார்; அது 2019. இப்போது சொல்லுங்கள், 1996ஆம் ஆண்டு முடிவில் அவர் ஒரு தாளை எடுத்து "அச்சானது இவ்வளவு, திரும்பி வந்தது இவ்வளவு" என்று கணக்குப் போட்டிருந்தால் அந்தத் தாளில் என்ன இருந்திருக்கும்? அந்த வருடம் வன்னியில் தபால் போய்ச் சேருவதே பெரிய காரியம்.

அயல்நாட்டில் இன்னும் கிட்டிய உதாரணம் ஒன்று இருக்கிறது, நம் சமூகத்துப் பெண்ணாகவே. கர்நாடக மாநிலம் ஹாசனைச் சேர்ந்த பானு முஷ்தாக், தொழிலால் சட்டத்தரணி. கன்னடத்தில் சிறுகதை எழுதுபவர். 2025 மே மாதம் அவருக்குச் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த 'ஹார்ட் லாம்ப்' என்ற தொகுதிக்கு. அந்தப் பரிசு ஒரு சிறுகதைத் தொகுதிக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை. புத்தகத்தில் இருந்தவை பன்னிரண்டே கதைகள். 1990 முதல் 2023 வரை எழுதியவற்றிலிருந்து பொறுக்கி எடுத்தவை. அவருடைய எல்லாக் கருத்தோடும் எனக்கு உடன்பாடு என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் தென்னிந்திய முஸ்லிம் வீட்டின் அடுக்களைக்குள்ளும் முற்றத்திலும் நடப்பதை முப்பது வருடம் பொறுமையாக எழுதி வைத்திருந்தார், அதை உலகம் ஒரு நாள் எடுத்து வாசித்தது. அதை மறுக்க முடியாது.

அரபிக் கல்லூரியில் படித்த எங்களைப் போன்றவர்களிடம் சிலர் கேட்பதுண்டு. "கதை எழுதுவது வீண் வேலை இல்லையா மௌலவி? பொய்தானே?" என்று. குர்ஆன் யூசுஃப் நபியின் வரலாற்றை எப்படிச் சொல்கிறது என்று அவர்கள் ஒரு தடவை நிதானமாக ஓதிப் பார்க்கட்டும். அது வஹீ, மனிதக் கற்பனையோடு சேர்த்துப் பேசக்கூடாது என்றால், அதுவும் சரி. மனிதர் எழுதியதையே சொல்கிறேன். மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக மொழிக்காகக் கற்பிக்கப்படும் 'மகாமாத்' என்ன? பஸராவைச் சேர்ந்த அல்-ஹரீரி எழுதிய ஐம்பது சிறு கதைகள். ஹிஜ்ரி 516 இல் வபாத்தானவர். அந்தக் கதைகள் பிறந்த விதத்தை அதன் உரையாசிரியர்கள் சொல்வார்கள். பஸராவில் பனூ ஹராம் பள்ளிவாசலுக்குக் கந்தல் உடையோடு ஒரு முதியவர் வந்தாராம். ஸரூஜ் என்ற ஊர்க்காரர். சிலுவைப் போர்ப் படை தன் ஊரைப் பிடித்துக்கொண்டது, மகள் சிறைப்பட்டுப் போனாள் என்று அழகான அரபியில் சொன்னாராம். ஹரீரி வீட்டுக்குப் போய் முதல் மகாமாவை எழுதினார். நூலில் அது நாற்பத்தெட்டாவதாக இருக்கிறது. எல்லாக் கதைகளிலும் வரும் அபூ ஸைத் என்ற அந்தக் கதாபாத்திரமும் ஸரூஜ் ஊர்க்காரர்தான். அவர் ஊரை இழந்தவர்! நாங்கள் வினையும் எழுவாயும் தேடி மனனமிட்ட பக்கங்களுக்கு அடியில் ஓர் அகதியின் வாய்மொழி கிடந்திருக்கிறது. படித்த காலத்தில் இதை யாரும் நின்று யோசிப்பதில்லை, பரீட்சை இருக்கிறதே.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். சகோதரியின் தாளில் எனக்கு உறுத்தியது அச்சானது ஒன்று என்பது அல்ல. தொடங்கியவை ஒன்பது, முடித்தவை நான்கு. மிச்சம் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்றைப் பற்றி அவரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "உம்மா ஊரைவிட்டு வந்த கதை. மூன்று வருஷமாகத் தொடங்குகிறேன், முடியவில்லை."

தண்ணீரூற்று என்ற ஊரை உங்களில் பலருக்குத் தெரியும். நம்மவர்கள் தமிழ் மக்களோடு அடுத்தடுத்த வளவுகளில் வாழ்ந்த ஊர். 'நிலக்கிளி' என்ற நாவலை எழுதிய அ. பாலமனோகரன் அந்த மண்ணில் பிறந்தவர். 1973 இல் வந்த அந்த நாவல் வன்னிக் காட்டோரத்து வாழ்வைத் தமிழ் வாசகர் எல்லோர் முன்னாலும் வைத்தது. சாகித்தியப் பரிசும் பெற்றது. அதே மண்ணில் முல்லை முஸ்ரிபா போன்ற கவிஞர்கள் நம்மிடையே தோன்றினார்கள். ஆனால் பெண்களின் கதை? 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் ஆயுதமுனையில் வெளியேற்றப்பட்டார்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சியில் ஒரு குடும்பமும் மிஞ்சவில்லை. வவுனியா மாவட்டத்திலும் சில ஊர்கள் வெறுமையாகின. புத்தளத்திலும் அநுராதபுரத்துப் பக்கமும் கிடுகுக் குடிசைகளில் இருபது வருடம். நான் அப்போது சிறு பையன். அதைப் பற்றி ஆய்வு நூல்கள் இருக்கின்றன. 2011 இல் ஒரு குடிமக்கள் ஆணைக்குழுவின் விரிவான அறிக்கையும் வந்தது. எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர், எத்தனை பள்ளிவாசல் என்று அவற்றில் பார்க்கலாம். ஒரு தாய் வீட்டைப் பூட்டும்போது எந்தப் பொருளை எடுத்து, எதைத் திரும்ப வைத்தாள் என்பதற்கு அறிக்கையில் நிரல் கிடையாது. அது கதைக்குரிய இடம். அந்த இடத்தில் நம் பெண்கள் எழுதியது மிகக் கொஞ்சம்.

போரின் முடிவுக் காலம் பற்றி, 2009 இல் செட்டிகுளத்து முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்த நாட்களைப் பற்றி, தமிழ்ச் சகோதரிகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதட்டும், அதை வாசிக்க வேண்டியதும் நம் கடமை. அந்தக் கதைகளை வாசித்தால், அடுத்த வளவுப் பெண் என்ன பட்டாள் என்று நமக்கு விளங்கும். நாம் என்ன பட்டோம் என்று அவள் விளங்கிக்கொள்ள நாம் என்ன கொடுத்திருக்கிறோம்? 2010க்குப் பிறகு ஊர் திரும்பியவர்கள் காடு மூடிய வளவில் கிணற்றுக் கட்டை மட்டும் கண்டுபிடித்ததை நான் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். ஜும்ஆ முடிந்து பேசுவார்கள், கல்யாண வீட்டில் பேசுவார்கள். பேசியவர்களில் பலர் இன்று மையவாடியில்.

ஆகவே சகோதரியே, உங்கள் தாளில் நிரல்களை மாற்றச் சொல்வேன். 'அனுப்பியது, அச்சானது' இரண்டும் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்; அச்சில் பேரைப் பார்ப்பதில் சந்தோஷம் உண்டு, அது ஹலாலான சந்தோஷம். அவற்றுக்கு முன்னால் இன்னொரு நிரல் போடுங்கள்: 'இந்த வருஷம் கேட்டது'. மூத்தவர்களிடம் கேட்டது, ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபோது கேட்டது, வயலில் கதிர் பொறுக்க வந்த அக்கா சொன்னது. கதையாகாவிட்டாலும் பரவாயில்லை. திகதி, இடம், சொன்னவர் யார் என்று மூன்றையும் எழுதுங்கள். பழைய ஹதீஸ் கையெழுத்துப் பிரதிகளின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு குறிப்பு இருக்கும். இன்ன நாளில், இன்ன ஊரில், இன்னார் முன்னிலையில் இது வாசிக்கக் கேட்கப்பட்டது என்று, வந்திருந்தவர் பேர்களோடு. ஸமாஉ என்பார்கள். சில இடங்களில் கேட்ட பெண்களின் பேரும் இருக்கும், கற்பித்த பெண்களின் பேரும் இருக்கும். அந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல, விட்டுப்போன ஒன்று.

அடுத்தது, பிரதி. அனுப்பும் கதைக்கு வீட்டில் ஒரு பிரதி இல்லாமல் அனுப்பக்கூடாது. மூன்றாவது கதை போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது என்கிறீர்கள். கையில் பிரதி இருக்கிறதா என்று எழுதவில்லை. வன்னியில் ஓர் இரவில் ஊரைவிட்டு எழும்பியவர்கள் அரிசி எடுத்தார்கள், உறுதி எடுத்தார்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எடுத்தார்கள். கொப்பிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அப்படிப் போன கையெழுத்துக் கொப்பிகள் எத்தனையோ. இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. மகனுடைய கைத்தொலைபேசியில் பக்கத்துக்கு ஒரு படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு ராத்தாவுக்கோ தங்கைக்கோ அனுப்பி வைத்தால் போதும். 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழில் வந்த பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் படம்பிடித்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. கடையில் கிடைக்காத எத்தனையோ பழைய தொகுதிகளையும் சஞ்சிகைகளையும் பிள்ளைகளைக் கொண்டு அங்கே தேடி வாசிக்கலாம். அச்சான உங்கள் கதை வந்த இதழையும் பத்திரப்படுத்துங்கள். சுருட்டி வைக்கவேண்டாம், கறையான் வரும். தட்டையாகப் பொலித்தீன் உறைக்குள் வையுங்கள்.

வீட்டுக்காரர் "இதில் என்ன வருமானம்?" என்று கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வருமானம் இல்லைதான், அதை மறைத்து என்ன? சிறுகதைக்குத் தரும் சன்மானம் அனேகமாக அனுப்பிய தபால் செலவைத் தாண்டாது. அவரிடம் நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தைப் பற்றிச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்ற பெண். 1938 இல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையரே அதற்கு முன்னுரை கொடுத்தார். தமிழில் எழுதிய முஸ்லிம் பெண்கள் என்று யார் பேசத் தொடங்கினாலும் அவரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்தப் புத்தகத்தால் அவருக்கு எத்தனை ரூபாய் வந்தது என்று இன்று யாரும் விசாரிப்பதில்லை. அதோடு, இஷாவுக்குப் பிறகு அரை மணித்தியாலம் சின்னவளை அவர் பார்த்துக்கொண்டால் ஆண்டுக்கு நான்கு கதை ஐந்தாகும் என்றும், இந்தப் பக்கத்தில் மௌலவி எழுதியிருக்கிறார் என்றும் சொல்லுங்கள். ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வீட்டு வேலையில் குடும்பத்தினருக்கு உதவினார்கள் என்பதை அவர் குத்பாவில் கேட்டிருப்பார்.

உம்மாவின் கதை ஏன் முடியவில்லை? என் எண்ணம் இது: நீங்கள் அதை உங்கள் நினைவிலிருந்து எழுதப் பார்க்கிறீர்கள். அந்த ஒக்டோபரில் நீங்கள் கைக்குழந்தையாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நினைவு இல்லாத இடத்தில் கண்ணீர் வந்து நிற்கும், கதை நகராது. உம்மாவிடம் போய் இருந்து கேளுங்கள். "உம்மா, அப்போது கஷ்டமா?" என்று கேட்டால் "ஓம் மகள், கஷ்டம்தான்" என்பார், அதோடு முடிந்துவிடும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். அன்று அடுப்பில் என்ன இருந்தது? ஆட்டை அவிழ்த்து விட்டது யார்? திறப்பு யார் கையில்? அடுத்த வளவு அம்மா வேலிக்கு வந்தாரா, என்ன சொன்னார்? போனது உழவு இயந்திரத்திலா, நடந்தா? முதல் இரவு எங்கே, யார் சோறு தந்தார்கள்? வாப்பா ஏதாவது பேசினாரா? ஒரே நாளில் கேட்க வேண்டாம், அவருக்குக் களைப்பாகும். வெற்றிலை இடிக்கும் நேரத்தில், நாளுக்கு ஒரு கேள்வி.

புத்தளத்தில், கெக்கிராவையில், வவுனியாவில், மன்னாரில் இந்தப் பக்கத்தை வாசிக்கும் மற்றச் சகோதரிகளுக்கும் இதே கேள்விகள்தான். கதை எழுத வராதவர்கள் கேட்டதை அப்படியே எழுதினால் போதும். எழுத்துப் பிழை பார்க்க மாட்டேன். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், திகதி போட்டு, பிரதி ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். மாசி நெல் வேலை முடிந்தபின் அனுப்பினாலும் சரி.